மூன்று ஷிப்டும் ஒரு அனோவாவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "தம்பி, தொழிற்சாலை அனுபவம் ஏதாவது பேசுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்றார். உபயோகமான அனுபவம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது நான் செய்த ஒரு தப்புதான். அதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சாதனைகளைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே தப்பையே சொல்கிறேன்.

புள்ளியியல் பேப்பர் நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஒன்வே கிளாசிபிகேஷன், டூவே கிளாசிபிகேஷன், லத்தீன் சதுரம். மூன்றில் ஒன்று நிச்சயம் வரும், பதினாறு மார்க். நான் அதை எப்படிப் படித்தேன் என்றால், முதலில் எல்லாவற்றையும் கூட்டு, ஜி ஸ்கொயர் பை என் கண்டுபிடி, வர்க்கங்களைக் கூட்டு, கழி, அட்டவணை போடு, எஃப் மதிப்பை டேபிளோடு ஒப்பிடு, "ஆகவே கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதி அடிக்கோடு போடு. பதினாறுக்குப் பதினாறு வந்தது. எதை எதால் வகுத்தேன், ஏன் வகுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சார் சொல்லித் தரவில்லை என்று சொல்லமாட்டேன். சொல்லித் தந்த அன்று நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், பெயர் வேண்டாம், ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். சின்னச் சின்ன காஸ்டிங். அதில் ப்ளோ ஹோல், கிராக் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பிரிப்பது இன்ஸ்பெக்டர்கள் வேலை. ஷிப்டுக்கு மூன்று பேர், ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டு, மொத்தம் ஒன்பது பேர். அவர்களுக்கு ஷிப்டு மாறாது. அவரவர் வசதிக்காக நிரந்தரமாக அப்படியே வைத்திருந்தார்கள். கஸ்டமரிடமிருந்து புகார் மேல் புகார். "எந்த ஷிப்டுல தப்பு போகுதுன்னு கண்டுபிடிச்சுக் குடு" என்றார் பிளான்ட் மேனேஜர்.

நான் இருபது ட்ரே தயார் செய்தேன். ஒவ்வொரு ட்ரேயிலும் அறுபது காஸ்டிங், அதில் இருபது குறையுள்ளவை. எது குறை என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒன்பது பேரும் இருபது ட்ரேயையும் பார்த்தார்கள். ஒரு ட்ரேயில் எத்தனை குறையைக் கோட்டை விட்டார்கள் என்று எண்ணினேன். ஷிப்டுக்கு மூன்று ஆள், ஆளுக்கு இருபது ட்ரே, ஆக ஷிப்டுக்கு அறுபது எண்கள். ஏ ஷிப்டில் சராசரியாக மூன்று தவறியது, பி ஷிப்டிலும் மூன்று, சி ஷிப்டில் ஐந்து. இரண்டிரண்டு ஷிப்டாக எடுத்து டி டெஸ்ட் போட்டேன். ஏ-பி வித்தியாசம் இல்லை. ஏ-சி, பி-சி இரண்டிலும் பி மதிப்பு நூறில் ஒன்றுக்கும் எவ்வளவோ கீழே. இதற்கு மேல் என்ன வேண்டும்? "இரவு ஷிப்டு இன்ஸ்பெக்டர்களின் கவனம் போதவில்லை என்பது புள்ளியியல் முறைப்படி நிரூபணமாகிறது" என்று ரிப்போர்ட் எழுதினேன். கலர் கிராப் வேறு.

மூன்று பேரையும் இன்ஸ்பெக்ஷனிலிருந்து எடுத்து ஃபெட்லிங்குக்குப் போட்டார்கள். ஃபெட்லிங் என்றால் காஸ்டிங்கின் பிசிறைக் கிரைண்டரில் அரைத்து எடுப்பது. தூசி, சத்தம், நாள் முழுக்க நின்றபடி வேலை. இன்ஸ்பெக்ஷன் அலவன்ஸும் போயிற்று. அதில் ஒருவர் என்னிடம் வந்து, "நாங்க தூங்கல சார்" என்றார். நான் அவரிடம், "நான் சொல்லலைங்க, நம்பர் சொல்லுது" என்றேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

என் தங்கை அப்போது உளவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, பெருமைக்காகத்தான், அந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். உளவியல் என்றால் கனவுக்குப் பலன் சொல்வது என்று அதுவரை அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான். அவள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "அண்ணா, எத்தனை பேரை டெஸ்ட் பண்ணின?" என்று கேட்டாள். "ஷிப்டுக்கு அறுபது" என்றேன். "அது ட்ரே. நான் ஆள் கேட்டேன்." "மூணு." "அப்ப உங்கிட்ட மூணுதான் இருக்கு. அறுபது எங்கேருந்து வந்துச்சு?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அன்று இரவு அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருக்க, சமையலறை மேடையில் உட்கார்ந்துகொண்டு அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். நான் இங்கே நாலு வருஷம் படித்ததில் விட்டுப்போன பாடம்.

எளிய உதாரணம். நான் சும்மா எடுத்த எண்கள்தான். மூன்று குழு, குழுவுக்கு மூன்று பேர். முதல் குழுவின் மார்க் 5, 6, 7. இரண்டாவது 7, 8, 9. மூன்றாவது 9, 10, 11. சராசரி 6, 8, 10. இப்போது வேறு மூன்று குழு: 2, 6, 10, 4, 8, 12, 6, 10, 14. இவற்றின் சராசரியும் அதே 6, 8, 10 தான். சராசரியை மட்டும் கிராப் போட்டால் இரண்டும் ஒரே படம். ஆனால் முதலாவதில் குழுவுக்குள் எல்லாரும் நெருக்கமாக நிற்கிறார்கள். இரண்டாவதில் ஒரே குழுவுக்குள்ளேயே ஒருவர் 2, இன்னொருவர் 10. குழுக்களுக்கு இடையே உள்ள மாறுபாட்டைக் குழுவுக்குள் உள்ள மாறுபாட்டால் வகுத்தால் வருவதுதான் எஃப். முதல் கதையில் 12-ஐ 1-ஆல் வகுக்கிறோம், எஃப் 12. இரண்டாவதில் அதே 12-ஐ 16-ஆல் வகுக்கிறோம், எஃப் 0.75. இந்த அளவுக்கு, அதாவது 2, 6 டிகிரி ஆப் ஃப்ரீடத்துக்கு, ஐந்து சதவீத டேபிள் மதிப்பு 5.14. முதலாவது தாண்டுகிறது, இரண்டாவது பக்கத்திலேயே வரவில்லை. மேலே நிற்கும் எண் ஒன்றேதான். தீர்ப்பை மாற்றுவது கீழே நிற்கும் எண்.

இதைக் கண்டுபிடித்தவர் உளவியல்காரர் இல்லை. ரொனால்ட் ஃபிஷர் 1919-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். எந்த உரம் போட்டால் எந்த உருளைக்கிழங்கு நன்றாக விளைகிறது என்ற ஆராய்ச்சியில், 1923-ல் வினிஃப்ரெட் மெக்கென்சியோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் இந்த முறையைப் பயன்படுத்தினார். 1925-ல் அவருடைய புத்தகம் வந்தது. எஃப் என்ற எழுத்து அவர் பெயரின் முதலெழுத்து, அதை வைத்தவர் அமெரிக்காவின் ஸ்னெடெக்கர், 1934-ல். வயலில் ஒரு துண்டு மேடு, ஒரு துண்டு பள்ளம், ஒன்றில் மண் கொழுப்பு, ஒன்றில் களர். ஒரே உரம் போட்டாலும் விளைச்சல் ஒன்றாக வராது. அந்த இயல்பான ஏற்றத்தாழ்வைத் தாண்டி உரம் ஏதாவது செய்ததா என்பதுதான் கேள்வி. வயல் துண்டுக்குப் பதிலாக மனிதனை வைத்தால் உளவியல் சோதனை. மனிதர்களிலும் மேடு பள்ளம் உண்டு.

தங்கை எனக்குச் சொன்ன உதாரணம் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் 1974-ல் வெளியிட்ட சோதனை. 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்கள் ஏழு போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான். பிறகு, "கார்கள் ஒன்றோடொன்று மோதியபோது ஏறக்குறைய என்ன வேகத்தில் போயின?" என்று ஒரு கேள்வி. ஒன்பது பேருக்கு 'ஸ்மாஷ்ட்' என்ற சொல்லைப் போட்டுக் கேட்டார்கள், அதாவது மோதி நொறுங்கியபோது. அடுத்த ஒன்பது பேருக்கு 'கொலைடட்', பிறகு 'பம்ப்ட்', 'ஹிட்', கடைசியில் 'கான்டாக்டட்', சும்மா தொட்டபோது என்கிற மாதிரி. படம் எல்லாருக்கும் ஒன்றுதான். பதில்களின் சராசரி, அதே வரிசையில், மணிக்கு 40-க்குச் சற்று மேல், 39.3, 38.1, 34.0, 31.8 மைல். ஒரு வினைச்சொல்லை மாற்றியதில் ஏறக்குறைய ஒன்பது மைல் போய்விட்டது. நம் கணக்கில் ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். இன்னொரு வேடிக்கை, சில படங்களில் காரின் உண்மையான வேகம் தெரியும், 20 மைலும் உண்டு, 40 மைலும் உண்டு. பார்த்தவர்கள் 20 மைல் வண்டிக்குச் சொன்ன சராசரி 37.7. கண்ணால் கண்ட சாட்சி என்று கோர்ட்டில் சொல்கிறார்களே, அதை நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் தப்பைப் பாருங்கள். ஒரு சொல்லுக்கு ஒன்பது பேர், ஆளுக்கு ஏழு படம், ஆக 63 பதில்கள். நானாக இருந்தால் 63 என்று போட்டு டி டெஸ்ட் ஓட்டியிருப்பேன். ஆனால் எப்போதும் வேகத்தைக் கூட்டிச் சொல்லும் ஒருவர் ஏழு படத்துக்கும் கூட்டித்தான் சொல்வார். அவருடைய ஏழு பதிலும் ஏழு சாட்சி ஆகாது. ஒரே ஆள் ஏழு தடவை கை தூக்குகிறார், அவ்வளவுதான். லோஃப்டசும் பால்மரும் அப்படி எண்ணவில்லை. பார்த்தவருக்குப் பார்த்தவர் உள்ள வேறுபாடு, படத்துக்குப் படம் உள்ள வேறுபாடு இரண்டையும் கணக்கில் சேர்க்கும் குவாசி எஃப் என்ற முறையில் போட்டார்கள். வந்தது 4.65. ஆயிரத்துக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்பு. படத்தையும் ஏன் சேர்க்க வேண்டும் என்றால், இந்த ஏழு படத்துக்கு மட்டும்தான் உண்மையா, இதுபோல் வேறு படம் காட்டினாலும் உண்மையா என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம்தான், 1973-ல், ஹெர்பர்ட் கிளார்க் என்பவர் இந்த விஷயத்துக்காக உளவியல்காரர்களை ஒரு பிடி பிடித்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார்.

ஏன் இரண்டிரண்டாக டி டெஸ்ட் போடக்கூடாது என்றும் கேட்டேன். ஐந்து சொல்லுக்குப் பத்து ஜோடி. ஒவ்வொரு டெஸ்டும், வித்தியாசமே இல்லாத இடத்தில் இருபதுக்கு ஒரு தடவை 'இருக்கிறது' என்று பொய் சொல்ல அனுமதி பெற்றது. பத்து டெஸ்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று வைத்துக்கொண்டால், எங்காவது ஒரு பொய் விழும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது. மூன்று ஜோடிக்கே பதினான்கு. அதனால்தான் முதலில் எல்லாக் குழுவையும் சேர்த்து ஒரே எஃப். பிறகு எந்த ஜோடி என்று பார்க்க டூக்கி முறை போன்றவை இருக்கின்றன. அந்த விவரத்துக்குள் இப்போது போகவில்லை, பந்தி காத்திருக்கிறது.

எஃப் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். 2011-ல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் என்ற மூன்று பேர் வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் இருபது பேர். சிலருக்கு பீட்டில்ஸ் குழுவின் 'வென் ஐயாம் சிக்ஸ்டி ஃபோர்' பாட்டு, சிலருக்கு வேறொரு இசை. பிறகு பிறந்த தேதி, அப்பாவின் வயது எல்லாம் கேட்டு, அனோவாவின் தம்பியான கோவேரியன்ஸ் பகுப்பாய்வு போட்டார்கள். முடிவு: பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டவர்கள் ஒன்றரை வயது குறைந்துவிட்டார்கள்! 21.5-க்கு 20.1. எஃப் 4.92, பி 0.040. முறைப்படி எல்லாம் சரி. சூட்சுமம் என்னவென்றால், நிறையக் கேள்விகள் கேட்டு அப்பாவின் வயதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், நடுநடுவே கணக்குப் போட்டுப் பார்த்து, வரவில்லையென்றால் இன்னும் ஆட்களைச் சேர்த்தார்கள், வந்ததும் நிறுத்தினார்கள். இதையெல்லாம் வெளியே சொல்லாமல் விட்டால் எதையும் நிரூபிக்கலாம் என்று காட்டத்தான் செய்தார்கள். 2015-ல் ஒரு பெரிய குழு, வெளியான நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. முதல் தடவை நூற்றுக்கு 97-ல் வித்தியாசம் உண்டு என்று வந்திருந்தது. திரும்பச் செய்தபோது 36-ல்தான் வந்தது. என் தங்கை இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. "உங்க ஆளுங்களே இப்படித்தானா" என்றேன். "நாங்க திரும்பச் செஞ்சு பாத்தோம் அண்ணா. நீ செஞ்சியா?" என்றாள்.

ராத்திரியோடு ராத்திரியாக லேப்டாப்பைத் திறந்தேன். ஆளுக்கு ஒரு எண் என்று சுருக்கினேன். ஏ ஷிப்டு மூன்று பேரும் சராசரியாகத் தவறவிட்டது 3, 2, 4. பி ஷிப்டு 3, 4, 2. சி ஷிப்டு 3, 3, 9. புரிகிறதா? சி ஷிப்டில் இரண்டு பேர் மற்றவர்களைப் போலத்தான். ஒரே ஒருவர் 9. அவருடைய ஒன்பதுதான் மூன்று பேரின் சராசரியையும் ஐந்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. ஷிப்டுகளுக்கு இடையே 4, ஷிப்டுக்குள் ஆளுக்கு ஆள் 4.67, எஃப் 0.86. டேபிளில் அதே 5.14. என் ரிப்போர்ட்டின் கீழே நின்றது அறுபது எண்ணையும் தனித்தனி ஆளாக எண்ணிப் போட்ட மாறுபாடு. நிற்க வேண்டியது ஆளுக்கு ஆள் உள்ள மாறுபாடு.

ஆனால், ஷிப்டுகள் சமம் என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு அதையும் சொல்ல முடியாது. அதோடு ஒரு ஆள் தனியாக எகிறி நிற்கும்போது அனோவாவின் அனுமானங்களே ஆட்டம் காணும். அடிப்படைக் கோளாறு வேறு. சி ஷிப்டுக்காரர்கள் எப்போதும் சி ஷிப்டிலேயே இருந்தால், குறை ஷிப்டிலா ஆளிலா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. உளவியலில் அதே ஆளை எல்லா நிலையிலும் வைத்துப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடு அதில் தானாகக் கழன்றுவிடும். ஆனால் முதலில் செய்தது, பிறகு செய்தது என்ற வரிசையே ஒரு வித்தியாசத்தை உண்டாக்கும், பழக்கம் வந்துவிடும் அல்லவா? அதற்காக ஒரு குழுவுக்கு ஏ-பி-சி, அடுத்ததற்கு பி-சி-ஏ, அடுத்ததற்கு சி-ஏ-பி என்று சுற்றுவார்கள். பேப்பரில் எழுதிப் பார்த்தேன். மூன்று வரி, மூன்று பத்தி. நமது லத்தீன் சதுரம்! பதினாறு மார்க்.

மேனேஜரிடம் போய் ரிப்போர்ட் தப்பு என்று சொன்னேன். சந்தோஷப்படவில்லை. ஆனால் மூன்று வாரம் கொடுத்தார், அந்த நன்றி எனக்கு உண்டு. இன்ஸ்பெக்டர்களை மூன்று குழுவாக்கி, வாரத்துக்கு ஒரு ஷிப்டு என்று சுற்றினோம். ஃபெட்லிங்குக்குப் போன மூவரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அதில் ஒருவர் அந்த ஒன்பது ஆள். பகல் ஷிப்டிலும் அவருக்கு ஒன்பதுக்குப் பக்கத்தில்தான் வந்தது, மத்தியானத்திலும் அப்படியே. மற்றவர்களுக்கு எந்த ஷிப்டிலும் சொல்லும்படி மாறவில்லை. அவருக்கு வயது நாற்பத்தி ஆறு. கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். வெள்ளெழுத்து. அவ்வளவுதான். கண்ணாடி போட்ட பிறகு மற்றவர்களைப் போல மூன்று, நான்கு என்று வர ஆரம்பித்தது. கண்ணாடி போட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

மூன்றாவது ஆள் அதற்குள் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். என்னிடம் வந்து "நாங்க தூங்கல சார்" என்றவர் அவர்தான். நம்பர் வாங்கிப் போன் செய்து, கணக்கில் தப்பு, உங்கள் மேல் குறை இல்லை, திரும்பி வாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "பரவால்ல சார், இங்க ஒரு வேலை அமைஞ்சிருச்சு. அன்னிக்கு நம்பர் சொல்லுதுன்னீங்களே, இப்ப என்ன சார் சொல்லுது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை, உண்மையிலேயே கேட்டார். நான் 3 என்றேன். "என் நம்பரா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

மாணவர்கள் பிராஜெக்டுக்கு டேட்டா எடுக்கும்போது, எடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு தடவை காட்டுங்கள். என் போன் நம்பர் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. எடுத்து முடித்த பிறகு வந்தால் என் தங்கையிடம் அனுப்பிவிடுவேன், அவள் என்னைப் போலப் பொறுமைசாலி இல்லை.